காதுக்குப் பின்னால் பாருங்கள்

போன வாரம் லிஃப்டில் ஓர் இளம்பெண்ணிடம் அடி வாங்கியிருப்பேன். ஒரு வெள்ளை நாய்க்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். என் கை என்னைக் கேட்காமலேயே போய் அந்த நாயின் காதை மடக்கிப் பார்த்துவிட்டது.

“ஹலோ ஆன்ட்டி, என்ன பண்றீங்க?”

“உண்ணி இருக்கும்மா. காதுக்குப் பின்னால பாரு, மிளகு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு.”

“இது வாராவாரம் குரூமிங் போற நாய் ஆன்ட்டி,” என்று சொல்லி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த உண்ணியை நகத்தால் பிய்த்திருப்பாளா, லைட்டரால் சுட்டிருப்பாளா என்று அதே நினைப்பு. டீ ஆறிப்போனது. மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்தேன்.

என் பெயர் புஷ்பா. மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கும் நாய், பூனை கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது மற்றவர்கள் சொல்லும் வார்த்தை. எனக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. கிளினிக்கில் இப்போது வேலை செய்யும் பெண்கள், “அக்கா, அந்த ஜாக்கி கேஸ எழுதிக் குடுங்க லா” என்று நச்சரிக்கிறார்கள். இப்போதெல்லாம் மாதம் ஒரு மாத்திரை கொடுத்தால் உண்ணி செத்து விழுகிறது. நல்ல மருந்துதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனில் பார்த்து, போனிலேயே வாங்கி, நேராக நாயின் வாயில் போடுகிறார்கள். நாய் என்ன எடை, அதற்கு வலிப்பு வந்திருக்கிறதா, வீட்டில் பூனை உண்டா என்று அந்த போன் கேட்கிறதா? நாயின் முதுகில் விடுகிற சில மருந்துகள் பூனைக்கு விஷம். அதே நாயோடு ஒட்டிப் படுத்தாலே பூனைக்கு உதறல் எடுக்கும். இதையெல்லாம் யார் சொல்வது? அந்தக் கவலைதான் என்னை எழுத உட்கார வைத்தது.

பள்ளி முடித்ததும் கவுண்டரில் உட்காரத்தான் சேர்ந்தேன். இவளால் உட்கார முடியாது என்று டாக்டர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். நாயைப் பிடிப்பது, ஊசிக்கு நரம்பு காட்டுவது, முடி கத்தரிப்பது எல்லாம் கடியும் கீறலுமாகக் கற்றுக்கொண்டதுதான். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

டாக்டர் சொக்கலிங்கத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். செட்டிநாட்டிலிருந்து வந்து இங்கே பல தலைமுறையாகப் பணம் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் வங்கி, வக்கீல் என்று போக, இவர் மட்டும் நாய் வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். கிளினிக்குக்கு வரும் பெண்கள் தமிழரோ, சீனரோ, யாராக இருந்தாலும் அவருக்கு ‘ஆச்சி’தான். நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம்! நான் ஓடுவேன், அவர் நடப்பார். “புஷ்பா, உனக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம்,” என்பார். இதைச் சிரிக்காமல் சொல்வார், அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் ஒரு உண்ணியை எடுப்பதைப் பார்க்க வேண்டும். கையுறை போடுவார். முடியை இரண்டு பக்கமும் வகிர்ந்து பிடிக்கச் சொல்வார். கூர்நுனி இடுக்கியைத் தோலோடு ஒட்டிக் கொண்டுபோய், உண்ணியின் வயிற்றைத் தொடாமல், தலைப்பக்கமாகப் பிடிப்பார். பிறகு அவசரமில்லாமல், நெளிக்காமல், திருகாமல், நேராக மேலே இழுப்பார். அதுவாக விட்டுக்கொடுக்கும்வரை அதே இழுப்பு. வந்ததும் ஸ்பிரிட் இருக்கும் சின்னப் போத்தலில் போட்டு மூடிவிட்டு, கடித்த இடத்தைத் துடைப்பார். விரலால் நசுக்கக்கூடாது, வயிற்றில் இருப்பது நம் கையில் படும். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். உண்ணி மிரண்டு, உள்ளே இருப்பதை நாயின் ரத்தத்திலேயே கக்கிவிட்டுத்தான் சாகும்.

தெள்ளுப்பூச்சி என்றால் வேறு கணக்கு. அது ஓடி ஒளியும், கண்ணில் படாது. நெருக்கமான பல் சீப்பால் வாலடியில் வாரி, விழுகிற கறுப்புத் தூளை ஈர டிஷ்யூவில் தட்டுவோம். தூள் சிவப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை, தெள்ளு குடித்த ரத்தம். அப்போது நாய்க்கு மருந்து போட்டால் மட்டும் போதாது. முட்டை முழுக்க மெத்தையிலும் தரையிலும்தான் இருக்கும். அதைச் சொன்னால் பாதிப் பேருக்குக் கோபம் வந்துவிடும், “எங்க வீடு கிளீன்!” என்பார்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது, அது எனக்குப் பிடிபடப் பல வருடம் ஆனது. மோசமான நிலையில் ஒரு நாய் வந்தால், “என்ன போட்டீங்க? என்ன குடுத்தீங்க?” என்று அவர் கேட்கவே மாட்டார். “என்ன உதவி பண்ணிப் பார்த்தீங்க?” என்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது அழுக்காக இல்லாவிட்டாலும் துடைப்பார். எதிரில் இருப்பவர் வாய் திறக்கும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு உள்ளே கொதிக்கும். டீசல் ஊற்றி நாயின் தோலை வேக வைத்துக் கொண்டுவந்தவனிடம் உதவியாம் உதவி! ஆனால் நான் திட்டிக் கேட்டபோது வராத பதிலெல்லாம் அவருக்கு வரும்.

ஜாக்கி வந்தது தைப்பூசத்துக்குச் சில வாரம் முன்பு, ஒரு காலை. கிளினிக்கைத் திறந்து தரையைக்கூடத் துடைத்து முடிக்கவில்லை. மஞ்சள் வேட்டியும் தாடியும் வெறுங்காலுமாக ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். பெயர் குணா. ஜெலுத்தோங்கில் வீடு, கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு ஃபேக்டரிக்கு லாரி ஓட்டுகிறார். அந்த ஃபேக்டரி கேட்டில் குட்டியாகக் கிடந்ததை மோட்டாரில் வைத்துப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து வளர்த்ததுதான் ஜாக்கி. பின்னாலேயே அவர் மனைவி வசந்தி வந்தார். அவர் உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாய் மேசையில் துணி மாதிரி கிடந்தது. வாயோரம் எச்சில். மூக்கில் ஷாம்பு வாசம் அடித்தது.

“என்ன உதவி பண்ணிப் பார்த்தீங்க?” என்றார் டாக்டர்.

“ஒன்னும் பண்ணல டாக்டர். காலைல எழுந்து பார்த்தா இப்படி. உண்ணி நெறைய இருந்துச்சு, செவுத்துலகூட ஏறுது. வசந்தி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுனா. அவ்வளவுதான்.” பிறகு தானாகவே, “நான் காவடி எடுக்கறேன் டாக்டர், விரதம். பொய் சொல்ல மாட்டேன்,” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கே தெரிந்தது. டாக்டர் நாயின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். துடிப்பு மெதுவாக இருந்தது. வெப்பமானியைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் உடம்பு கொதிக்கும். இது ஜில்லென்று கிடந்தது. கண்மணி இரண்டும் அகல விரிந்திருந்தன. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சர்க்கரை பார்த்தால், அது ஏறிக் கிடந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வாசலில் நின்ற வசந்தி கொட்டாவி விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. புருஷன் பதறி நிற்க, நாய் சாகக் கிடக்க, இந்த அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதே என்று எனக்கு வந்ததே கோபம்! வாயைத் திறக்கப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்து, தாடையால் வசந்தி பக்கம் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். அவர் கதவைப் பிடித்திருந்தது தயக்கத்தால் இல்லை, தள்ளாட்டத்தால். கிட்டே போனதும் கைலி ஓரத்திலிருந்து பாச்சை உருண்டை மாதிரி ஒரு நெடி அடித்தது.

“கொஞ்சம் பின்னால வாங்க, கை கழுவலாம்,” என்று அழைத்துப் போனேன்.

“எதுக்கு அக்கா?”

“சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க. உங்களுக்குத் தலை சுத்துதே, அதுக்குத்தான்.”

குழாயைத் திறந்துவிட்டேன். என் நாக்கு நுனியில் நிறைய வார்த்தைகள் நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, டாக்டரின் கேள்வியையே கேட்டேன். “ஜாக்கிக்கு என்ன உதவி பண்ணீங்க வசந்தி?”

அவர் உடைந்துபோனார். நிபோங் திபாலில் அவர் தம்பி மாடு வைத்திருக்கிறான். தைப்பூசத்துக்குப் பால் கொடுப்பவன். அவனிடம் மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்து இருந்தது. ஒரு பழைய ஆரஞ்சுத் தண்ணிப் போத்தலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். முந்தின சாயங்காலம், குணா வேலையிலிருந்து வருவதற்குள், மாட்டுக்குக் கலக்குகிற மாதிரியே வாளியில் கலந்து, உண்ணி நிறைய இருக்கிறதே என்று கைக்கு வந்தபடி இன்னும் கொஞ்சம் ஊற்றி, வெறுங்கையால் தேய்த்துவிட்டிருக்கிறார். ஜாக்கி காயக் காய உடம்பை நக்கியிருக்கிறது. காலையில் தள்ளாடியதும் பயந்துபோய் ஷாம்பு போட்டுக் கழுவியிருக்கிறார்.

“சாமி ரூம் செவுத்துல ஏறுது அக்கா. அவரு விரதம் இருக்காரு, தரையில படுக்கறாரு. வேல் வெச்சிருக்கற எடத்துல உண்ணி. நான் என்ன பண்றது? அந்த மாட்டுப் பாலதான முருகனுக்கு ஊத்துறோம்? மாட்டுக்கு அடிச்சா ஒன்னும் ஆகல, பால்ல ஒன்னும் ஆகல. நாய்க்கு என்ன ஆகிடப் போகுதுன்னு நெனச்சேன்.”

“இத அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“எப்படிக்கா சொல்லுவேன்? போன வாரம் நானே வாய விட்டுட்டேன், ஒன்னு இந்த நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு. இப்ப இது செத்துட்டா நான் வேணும்னே கொன்னேன்னுதான் நெனைப்பாரு. சாகற வரைக்கும் நெனைப்பாரு.”

சொல்லிவிட்டு, ஈரக் கையோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு மட்டும் அசைந்தது. மயக்கம் வருகிறதோ என்று நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

தம்பிக்குப் போன் போட வைத்தேன். பட்டர்வொர்த்தில் பால் இறக்கிக்கொண்டிருந்தான். “மருந்து பேரா? யாருக்கு லா தெரியும்? டின்னு கொட்டாய்ல கெடக்கு. ஏன், போலீஸ் கேஸா?” என்றான். நான் போனைப் பிடுங்கினேன். “போலீசும் இல்ல, கீலீசும் இல்ல. இங்க நாய் சாகுது! நீ இப்பவே கொட்டாய்க்குப் போயி, அந்த டின்ன நாலு பக்கமும் படம் புடிச்சு அனுப்பு!”

டாக்டரிடம் போய்க் காதோடு சொன்னேன். அவர் குணாவை, “தம்பி, கொஞ்சம் வெளிய உக்காருங்க,” என்று அனுப்பினார். கையுறை மாட்டிக்கொண்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீருமாக ஜாக்கியை மறுபடியும் முழுக்கக் கழுவினோம். விரலிடுக்கு, காது மடல், தொடை இடுக்கு ஒன்றையும் விடவில்லை. துடைத்து, கம்பளியில் சுற்றி, சூட்டுத் தண்ணீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி அணை கொடுத்து, நரம்பில் சலைன் ஏற்றினோம்.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. மாட்டு உண்ணி மருந்தில் பல ஜாதி உண்டு. ஒரு ஜாதி விஷத்துக்கு உயிரைக் காப்பாற்றும் ஊசி, இன்னொரு ஜாதியில் நிலைமையை மோசமாக்கிவிடும். நான் டாக்டர் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தேன்.

“டாக்டர், கண்மணிய வெச்சே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. போட்டுடலாமே?”

“எனக்கு ஒரு ஊகம் இருக்கு புஷ்பா. நாடி கையில நிக்கிற வரைக்கும் அந்தப் படத்துக்குக் காத்திருப்போம். நாடி நழுவினா ஊகத்த நம்பிப் போட்டுடறேன்.”

நாடியில் விரலை வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். நான் போனைப் பார்ப்பேன், வாசலைப் பார்ப்பேன், துடைத்த தரையைத் திரும்பத் துடைப்பேன். வெளியே பெஞ்சில் புருஷன் ஒரு ஓரம், மனைவி ஒரு ஓரம். முதல் படம் வந்தது. தலைகீழாக, மங்கலாக, மாட்டின் வால்தான் தெரிந்தது. அந்தப் பையன் மட்டும் எதிரில் இருந்திருந்தால்! அடுத்த படத்தில் எழுத்து தெளிவாக இருந்தது. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். “அமிட்ராஸ்,” என்றார். அவர் ஊகமும் அதுதான். அறுவைக்காக மயக்கிய நாயை எழுப்ப நாங்கள் போடுவோமே, அதே ஊசிதான் இதற்கும் மாற்று. அளந்து, போட்டார்.

ஜாக்கியின் காது ஒரு முறை துடித்தது. பிறகு நாக்கு உள்ளே போனது. கொஞ்சம் கொஞ்சமாகத் தலை நிமிர்ந்து, கம்பளிக்குள் வால் அசைவது தெரிந்ததும் நான் அழுதுவிட்டேன். எதற்கு மறைப்பது? நன்றாகவே அழுதேன்.

மத்தியானம் அது திரும்பச் சொக்கியது. மருந்தின் வேலை தீர்ந்துவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இன்னொரு முறை போட்டதும் எழுந்து நின்றது. வசந்தியை, வீட்டுக்குப் போகும் முன் மனுஷ டாக்டரிடம் காட்டச் சொல்லி, என்ன மருந்து என்று எழுதியும் கொடுத்தார். பிறகு, “ஆச்சி, குணாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“நானே சொல்றேன்,” என்றார் வசந்தி. எழுந்துபோய்ப் புருஷன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

குணா கேட்டு முடித்தார். கத்தவில்லை. “நாய உனக்குப் புடிக்காதுன்னு எனக்குத் தெரியும்,” என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் கத்தியிருக்கலாம்.

மறுநாள் ஜாக்கியை அழைத்துப் போக வந்தபோது குணாவுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நாய்க்கான மருந்து, நாயின் எடைக்கு, சீட்டு ஒட்டிய பெட்டியோடு. சுவர் வெடிப்பு, கட்டில் கால், திரைச்சீலை மடிப்பு எல்லாம் தேடவேண்டும். உண்ணி கீழே இறங்கி முட்டையிட அங்கேதான் ஏறும். பிறகு அவர் கையைப் பிடித்து ஜாக்கியின் மேல் வைத்தேன். “கண்ணால தேடாதீங்க தம்பி, விரலால தேடுங்க. முடிக்கு எதிர்ப்பக்கமா போங்க. காதுக்குப் பின்னால, கழுத்துப் பட்டிக்கு அடியில, விரல் நடுவுல, வாலடியில.” அவர் கண்ணை மூடிக்கொண்டு, பொறுமையாகத் தடவிப் பார்த்தார். “காதுக்குப் பின்னால ஒன்னும் இல்ல. கிளீன்,” என்றார். நல்ல விரல்தான்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அடுத்த முறை ஜாக்கியோடு வசந்தி தனியாக வந்தார். “அவரு பேசறதில்லக்கா. கேட்டா விரதம்னு சைகை காட்டறாரு. வாயக் கட்டிக்கறதும் விரதமா?” என்றார். அதற்கடுத்த முறை குணா மட்டும் வந்தார். நாயைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார், மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “நாய் பிழைச்சிடுச்சு புஷ்பா, நம்ம வேலை முடிஞ்சிடுச்சு,” என்றார் டாக்டர். எனக்கு முடியவில்லை. ராத்திரி படுத்தால் அந்தப் பெஞ்சின் இரண்டு ஓரமும்தான் ஞாபகம் வரும்.

தைப்பூசத்தன்று நான் மலைக்கோயிலுக்குப் போகும் ரோட்டில், ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் உட்கார முடியாதவளுக்கு ஏற்ற வேலை. வெயில் ஏறிய நேரம், ஒரு பெண் வந்து, “ஒரு கப் குடுங்க அக்கா,” என்றார். நிமிர்ந்தேன். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். சத்தியமாக அடையாளம் தெரியவில்லை. “வசந்தி லா அக்கா!” என்று சிரித்தார். பின்னால் குணா. காவடி இறக்கியாகிவிட்டது, கன்னத்தில் குத்திய வேலும் எடுத்தாகிவிட்டது, நெற்றியெல்லாம் விபூதி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம்.

குணா என்னைப் பார்த்தார். “அக்கா, இது எதுக்காம்? கேட்டுச் சொல்லுங்க. மலை ஏறுறப்பகூட முடி இருந்துச்சு.”

பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டியிடம் கேட்க என்னைத் தூது விடுகிறார்! எரிந்து விழப் போனேன். அதற்குள் வசந்தி மோரைக் குடித்து முடித்து, கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உங்க சிங்க்குல கை கழுவுனேன் இல்லக்கா, அன்னிக்கு வேண்டிக்கிட்டேன். ஜாக்கி கண்ணு முழிச்சா மொட்டை போடறேன்னு.”

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், நான் மோர் ஊற்ற மறந்து நின்றேன். குணா கையை மெல்லத் தூக்கி மனைவியின் தலையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் சொல்லிக் கொடுத்தபடியே, விரலைப் பொறுமையாக நகர்த்தி, இடது காதுக்குப் பின்னால் தடவினார், பிறகு வலது காதுக்குப் பின்னால்.

“ஒன்னும் இல்ல வசந்தி,” என்றார். “கிளீன்.”

“கைய எடுங்க,” என்றார் வசந்தி, அழுதுகொண்டே. “சந்தனம் அழியுது.”